சீனி வெடியா, சீன வெடியா? - அண்ணாச்சி பதில்கள்

கேள்வி உங்களுடையது. பதிலும் அதற்கு விழும் திட்டும் எம். புதுப்பட்டி அண்ணாச்சியுடையது. இந்தத் தடவை வந்ததெல்லாம் கம்ப்யூட்டர் எழுத்தைப் பற்றியே. யார் கொளுத்திப் போட்டதோ!

● கம்ப்யூட்டரில் ‘டீஃபால்ட் ஃபான்ட்’ என்கிறார்களே, அது என்ன அண்ணாச்சி?
- பலசரக்குக் கடைக்காரர், எம். புதுப்பட்டி

டீக்கடையில் ‘ஒரு டீ’ என்றால் சர்க்கரை போட்டே வருகிறதல்லவா, அது மாதிரி. நீர் கேட்காமலே கம்ப்யூட்டர் போடும் எழுத்து. வேண்டாதவர்தான் வாயைத் திறக்க வேண்டும். பெரும்பாலோர் திறப்பதில்லை. அந்த மௌனத்தை நம்பித்தான் கம்பெனிக்காரன் முடிவெடுக்கிறான்.

● தமிழுக்கு அப்படி முதலில் போட்டது யார்?
- கல்லூரி மாணவி, விருதுநகர்

விண்டோஸில் என்றால் ‘லதா’. 2000 பிப்ரவரியில் விண்டோஸ் 2000 வந்தபோது தமிழுக்கு லதா, இந்திக்கு மங்கள் என்று கூடவே இறங்கினார்கள். அதுவரை ஆளாளுக்கு ஃப்ளாப்பியில் ஒரு ஃபான்ட்டைத் தூக்கிக்கொண்டு அலைந்தோம். 2009-இல் விண்டோஸ் 7-உடன் ‘விஜயா’. 2012-இல் விண்டோஸ் 8 வந்ததும் ‘நிர்மலா யூஐ’ பொறுப்பேற்றார். லதாவை விண்டோஸ் 10-இல் ‘கேட்டால் தருவோம்’ பட்டியலுக்கு அனுப்பிவிட்டார்கள். வழியனுப்பு விழாகூடக் கிடையாது.

● எல்லாம் பெண் பெயராகவே இருக்கிறதே?
- மளிகை மொத்த வியாபாரி, விருதுநகர்

மலையாளத்துக்குக் கார்த்திகா, தெலுங்குக்குக் கௌதமி, குஜராத்திக்கு ஸ்ருதி என்று பட்டியல் இன்னும் நீளும். எண்பதுகளின் தீபாவளி ரிலீஸெல்லாம் பார்த்த எவரோ அங்கே உட்கார்ந்து பெயர் வைத்திருக்க வேண்டும். நிரூபிக்க என்னிடம் ஆதாரமில்லை. மறுக்க உம்மிடமும் இல்லை.

● நிர்மலா என்றால்... அந்த நிர்மலாவா?
- ஜிஎஸ்டி கணக்கு எழுதுபவர், சிவகாசி

இல்லை. அவர் வரி விதிப்பவர், இவர் வரி அமைப்பவர்.

● சரி, லதாவை விட நிர்மலா எதில் உசத்தி?
- ஆபீஸ் கிளார்க், திருத்தங்கல்

லதா தாராளமான ஆள். காலை நீட்டி உட்காருவார், வரிக்கும் வரிக்கும் நடுவே கட்டில் போடலாம். கடிதத்துக்குச் சரி. ஆனால் மெனுவிலும் பட்டனிலும் ஆங்கிலத்தின் பக்கத்தில் ஒட்டி நிற்க வேண்டும். அதற்காகவே, விண்டோஸின் ஆங்கில எழுத்தான சீகோ யூஐ-க்கு ஜோடி பொருந்தும்படி, கனடாவில் உள்ள டைரோ டைப்வொர்க்ஸ்காரர்கள் நிர்மலாவைச் செய்து கொடுத்தார்கள்.

இன்னொரு விசேஷம்: ஒரே எழுத்துருவுக்குள் பத்துக்கு மேற்பட்ட எழுத்துமுறைகள். தமிழும் சிங்களமும் ஒரே கோப்பில் சம அந்தஸ்தோடு குடியிருக்கின்றன. கொழும்பு கவனிக்க.

● ஆப்பிள்காரர்கள் எப்படி?
- செல்போன் கடை, சாத்தூர்

மாக் கணினியில் ‘இணைமதி’, பிறகு ‘தமிழ் சங்கம் எம்என்’. அந்த எம்என் என்பது மலேசியாவின் முத்து நெடுமாறன். 1985-லேயே முரசு அஞ்சல் மென்பொருளைத் தொடங்கியவர். ஐபோனில் உம் வீட்டம்மா அனுப்பும் ‘எங்க இருக்கீங்க?’ என்ற எழுத்து மலேசியத் தயாரிப்பு. கேள்வி மட்டும் உள்ளூர்.

● சீனாவில் எந்த எழுத்தைப் போடுகிறார்கள்?
- பேன்சி வெடி வியாபாரி, சிவகாசி

விண்டோஸில் ரொம்ப காலம் ‘சிம்சுன்’. படுக்கைக் கோடு மெலிசு, நிற்கும் கோடு தடிமன், கோட்டு முனையில் குட்டி முக்கோணம். காகிதத்தில் அழகி. திரையில் சின்ன அளவில் போட்டால் மெலிசுக் கோடு காணாமல் போகும். அதைச் சமாளிக்கப் புள்ளி வைத்த படமாகவே சின்ன எழுத்துகளைத் தனியே செய்து உள்ளே செருகியிருந்தார்கள். விஸ்டாவோடு ‘யாஹெய்’ வந்தது: முக்கோணமும் இல்லை, மினுக்கலும் இல்லை, எல்லாக் கோடும் ஒரே தடிமன். பொதுவாகவே டீஃபால்ட் நாற்காலி அழகிக்குக் கிடைப்பதில்லை, உழைப்பாளிக்குத்தான்.

● சீன ஃபான்ட் தேர்ந்தெடுப்பது அவ்வளவு பெரிய வேலையா? ஒன்றை எடுத்துப் போட்டால் தீர்ந்தது!
- பாலிடெக்னிக் மாணவர், சிவகாசி

தம்பி, நமக்கு 247 எழுத்து, கூடக் கொஞ்சம் கிரந்தம். ஒரே ஆள் உட்கார்ந்து வரைந்துவிடலாம், வரைந்தவர்களும் உண்டு. அங்கே பல்லாயிரம். 2014 ஜூலையில் கூகுளும் அடோபியும் கூட்டுச் சேர்ந்து சீனம், ஜப்பான், கொரியா மூன்றுக்கும் ஒரு எழுத்துரு வெளியிட்டன. இவர் வைத்த பெயர் நோட்டோ, அவர் வைத்த பெயர் சோர்ஸ் ஹான். பெயர்தான் இரண்டு, பிள்ளை ஒன்று. அதில் 65,535 வடிவங்கள்.

அது என்ன முப்பத்தைந்தில் நிற்கிறது என்கிறீரா? கோப்பு முறையின் உச்சவரம்பே அதுதான். இன்னொரு வடிவத்துக்கு இடமில்லை. சீனர்கள் ‘ஹவுஸ்ஃபுல்’ போர்டு மாட்டிவிட்டார்கள்.

● சிவகாசியைக் ‘குட்டி ஜப்பான்’ என்கிறோம். ஜப்பானுக்கும் சீனாவுக்கும் ஒரே எழுத்துதானே?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், திருத்தங்கல்

அங்கேதான் வம்பு. யூனிகோடு இரு நாட்டுக்கும் பொதுவான எழுத்துக்கு ஒரே எண் கொடுத்துவிட்டது. வடிவமோ கொஞ்சம் வேறு. ‘எலும்பு’க்குரிய எழுத்தைப் பாருங்கள்: தலைக்குள் ஒரு குட்டி மூலை இருக்கும். சீனாவில் அது இடப்பக்கம், ஜப்பானில் வலப்பக்கம். எண் ஒன்றே என்பதால், எந்த மூலையைக் காட்டுவது என்பது ஃபான்ட் கையில்.

மொழி இன்னதென்று சொல்லாத லினக்ஸ் கணினிகள் பலவற்றில் ஜப்பான் வடிவம் முந்திக்கொள்ளும். பெய்ஜிங்காரர் தன் கட்டுரையைத் திறந்தால் எலும்பு திரும்பிக் கிடக்கும். படிக்க முடியாமல் போகாது. ஆனால் உம் பெயரை யாரோ மலையாள வாடையில் கூப்பிட்ட மாதிரி நெருடும்.

● லினக்ஸில் அந்த முந்துரிமையை யார் தீர்மானிக்கிறார்?
- கம்ப்யூட்டர் சென்டர் நடத்துபவர், ஸ்ரீவில்லிபுத்தூர்

‘ஃபான்ட்கான்ஃபிக்’ என்றொரு பஞ்சாயத்து. அதன் கோப்புகளின் பெயரே எண்ணில் தொடங்கும். சின்ன எண் முதலில் படிக்கப்படும். கேட்ட எழுத்து முதல் ஃபான்ட்டில் இல்லையா, அடுத்தவர். அவரிடமும் இல்லையா, அதற்கடுத்தவர். யாரிடமும் இல்லாவிட்டால் கட்டம் கட்டமாக வரும்.

சீனத்துக்கு முதலில் ‘வென்குவான்யி’ என்று தன்னார்வலர்கள் கூடி வரைந்த எழுத்துரு புழங்கியது. பெரிய கம்பெனிகளின் நோட்டோ வந்ததும் அது மெல்லப் பின்வரிசைக்குப் போனது. தமிழுக்கு ரெட் ஹேட் தந்த ‘லோஹித்’ நெடுநாள் முன்வரிசை, இப்போது அதற்கும் நோட்டோ போட்டி. இலவசத்திலும் பெரிய முதலாளிதான் ஜெயிக்கிறார்.

● அண்ணாச்சி, சீன எழுத்தைப் பற்றி இவ்வளவு பேசலாமா? நம் தொழிலையே கெடுப்பவர்கள்!
- தீப்பெட்டி ஆபீஸ் மேனேஜர், சாத்தூர்

கெடுத்தது லைட்டர். இருபது ரூபாய்க்குக் குறைந்த சிகரெட் லைட்டர் இறக்குமதியை 2023 ஜூனில் தடை செய்தாயிற்று. எழுத்து எதையும் பற்ற வைக்காது, பயப்படாதீர்.

● எங்கள் பிரஸ்ஸில் இன்றைக்கும் பேஜ்மேக்கர்தான். கேலி பண்ணாமல் பதில் சொல்லுங்கள்.
- டிடிபி ஆபரேட்டர், சிவகாசி

கேலி எதற்கு? கடைசிப் பதிப்பான 7 வந்தது 2001-இல். மென்பொருள் ஓய்வு பெற்றுவிட்டது, சிவகாசியில் மட்டும் இன்னும் ஓவர்டைம் பார்க்கிறது.

காரணமும் நியாயமானதே. பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. நீங்கள் அதில் போடும் தமிழ், ஆங்கில எழுத்துக்குத் தமிழ் முகமூடி மாட்டியது. கல்யாணக் கார்டு, காலண்டர், லேபிள் என்று கணினியில் கிடக்கும் பழைய ஃபைலெல்லாம் அந்த முகமூடியோடு. யூனிகோடு தமிழை ஒழுங்காக அடுக்கும் வசதி இன்டிசைனிலேயே 2012 வாக்கில்தான் வந்தது. அதற்குள் உங்கள் விரலுக்கு வயதாகிவிட்டது. ‘கொ’ அடிக்க மூன்று தட்டு தட்டியே பழகிய கையிடம் போய், இனி இரண்டே தட்டு என்றால் அது மிச்சமான ஒன்றைத் தேடிக்கொண்டு நிற்கும்.

● முகமூடி என்றால் புரியவில்லை. உடைத்துச் சொல்லுங்கள்.
- அவரே, மறு தபாலில்

பாமினி ஃபான்ட் போட்டு ‘தமிழ்’ என்று அடியுங்கள். அப்படியே தேர்ந்தெடுத்து ஆங்கில ஃபான்ட்டுக்கு மாற்றுங்கள். ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. இவ்வளவுதான் கம்ப்யூட்டர் கண்ட தமிழ். ஜே-க்குத் ‘த’ முகம், கே-க்கு ‘ம’ முகம், பி-க்குக் கொக்கி, ஓ-வுக்கு ‘ழ’, அரைப்புள்ளிக்கு முழுப்புள்ளி.

அதனால்தான் பாமினியில் அடித்த ஃபைல், பாமினி இல்லாத கணினியில் பூனை மிதித்த மாதிரி வருகிறது. யூனிகோடில் இந்த அவலம் இல்லை. ஃபான்ட் மாறினால் சட்டை மாறும், ஆள் மாற மாட்டார். கம்ப்யூட்டரே ஒரு டீஃபால்ட் ஃபான்ட்டைத் தர முடிகிறது என்றால் இதனால்தான். முகமூடிக் காலத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

● அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லையா?
- வி.ஏ.ஓ. ஆபீஸ் வாசலில் காத்திருப்பவர், எம். புதுப்பட்டி

செய்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு. அதில் தமிழ் 99 விசைப்பலகையும், டாம், டாப் என்று இரண்டு குறியாக்கங்களும் பிறந்தன. 2010 ஜூனில் கோவைச் செம்மொழி மாநாட்டுச் சமயத்தில், யூனிகோடும் டேஸ் 16-உம்தான் இனி என்று அரசாணை.

யூனிகோடில் தமிழுக்கு 128 இடம்தான் ஒதுக்கீடு. உயிர்மெய்யை மெய்யும் குறியும் சேர்த்துத்தான் கட்ட வேண்டும். டேஸ் 16 ஒவ்வொரு எழுத்துக்கும் தனி வீடு கொடுத்தது. ஆனால் வீடு கட்டிய இடம் யூனிகோடின் ‘தனிப் பயன்பாட்டுப் பகுதி’. யாரும் எதையும் கட்டலாம், மற்றவர் மதிக்க வேண்டிய அவசியமில்லை. பட்டா கிடையாது.

தமிழ் இணையக் கல்விக்கழகம் ‘டிஏயூ மருதம்’ மாதிரி நல்ல யூனிகோடு எழுத்துருக்களை இலவசமாகவே தருகிறது. நீங்கள் காத்திருக்கும் ஆபீஸில் எந்த ஃபான்ட் என்று எட்டிப் பார்த்துச் சொல்லுங்கள். எப்படியும் நேரம் இருக்கிறதே.

● சீன அரசு இந்த விஷயத்தில் எப்படி?
- கட்சிக்காரர், விருதுநகர்

அங்கே ‘ஜிபி 18030’ என்றொரு தரம், 2000-இல் போட்டது. எங்கள் எழுத்தைக் காட்டத் தெரியாத மென்பொருளை எங்கள் நாட்டில் விற்காதே என்று அடுத்த வருஷமே கட்டாயமாக்கினார்கள். 2022-இல் அதைப் புதுப்பித்து 2023 ஆகஸ்ட் 1 முதல் அமலாக்கினார்கள். மைக்ரோசாஃப்ட், ஆப்பிள் எல்லோரும் கைகட்டி எழுத்தைச் சேர்த்தார்கள். நாம் அரசாணை போடுவது அரசு ஊழியருக்கு. அவர்கள் போட்டது கடைக்காரனுக்கு.

● தாய்மொழிப் பற்று இருந்தால் போதாதா?
- அதே கட்சிக்காரர்

போதும். மேடைக்கு.

● ரூபாய் அடையாளம் சில கணினிகளில் கட்டமாக வருகிறதே, ஏன்?
- பில் போடும் பெண், பட்டாசுக் கடை, சிவகாசி

அந்த அடையாளம் பிறந்தது 2010 ஜூலை 15. அதற்கு முந்தின ஃபான்ட்டுக்கு அதை எப்படித் தெரியும்? விண்டோஸ் 7-க்கே பின்னால் தனியாகச் சேர்த்துக் கொடுத்தார்கள். வரைந்த உதயகுமார் தமிழர். மும்பை ஐஐடியில் படிக்கும்போது ‘பராசக்தி’ என்று ஒரு தமிழ் எழுத்துருவும் செய்தவர். 2025 மார்ச்சில் தமிழ்நாட்டு பட்ஜெட் இலச்சினையில் அந்த அடையாளத்தை எடுத்துவிட்டு ‘ரூ’ போட்டார்கள். தமிழர் வரைந்ததைத் தமிழுக்காகத் தமிழரே மாற்றினோம். பில்லில் நீங்களும் ‘ரூ’ என்றே போடுங்கள், எந்தக் கணினியிலும் கட்டம் வராது.

● தினசரிக் காலண்டரில் பழைய தமிழ் எண்கள் போட ஆசை. எந்த ஃபான்ட்டில் எல்லாம் இருக்கும்?
- காலண்டர் ஏஜென்ட், சிவகாசி

௧, ௨, ௩ எல்லாம் யூனிகோடில் ஆதி முதல் உண்டு. நாள், மாதம், வருஷத்துக்கான ௳, ௴, ௵ மூன்றும் 2003-இல்தான் நுழைந்தன. தமிழ்ச் சுழியம் 2005-இல். அரைக்கால், மாகாணி வகையறா பின்னங்களும் பழைய அளவைக் குறிகளும் 2019-இல் தனிப் பகுதியாக, மொத்தம் 51. நோட்டோவிலேயே அதற்குத் தனி எழுத்துரு. சாதாரணத் தமிழ் ஃபான்ட்டில் தேடினால் கட்டம்தான்.

உங்கள் ஆசையை மெச்சுகிறேன். ஆனால் ராகு காலத்தை ௧௦½ மணி என்று போட்டால், மக்கள் அது முடியும் வரை படித்துக்கொண்டிருப்பார்கள்.

● எங்கள் ஊர்ப் பெயரைத் தேடினால் சில ஃபைலில் கிடைக்கிறது, சிலதில் இல்லை. கண்ணுக்கு ஒரே மாதிரிதான் இருக்கிறது!
- பால்கோவா கடைக்காரர், ஸ்ரீவில்லிபுத்தூர்

உங்கள் ‘ஸ்ரீ’யில் இரண்டு சாதி. ‘ஸ’வையும் ‘ரீ’யையும் சேர்த்தது ஒன்று. 2005-இல் யூனிகோடுக்குள் வந்த ‘ஶ’வோடு சேர்த்தது இன்னொன்று. ஃபான்ட் இரண்டுக்கும் ஒரே முகம் போட்டுவிடும். மனிதன் ஏமாறுவான், தேடுபொறி ஏமாறாது. ஆண்டாளே வந்து தேடினாலும் பாதிதான் கிடைக்கும். ‘திருவில்லிபுத்தூர்’ என்று எழுதினால் இந்தச் சிக்கலே கிடையாது. பால்கோவா அதே ருசிதான்.

● ஒரு எழுத்து போனையே செயலிழக்க வைத்தது என்கிறார்களே, புரளியா?
- ஐடிஐ மாணவர், சாத்தூர்

நிஜம். 2018 பிப்ரவரியில் ஒரு தெலுங்குக் கூட்டெழுத்து வந்து விழுந்தால் ஐபோன் செயலிகள் அப்படியே மடங்கின. ஆப்பிள் அவசரமாக ஒரு திருத்தம் அனுப்பிக் காப்பாற்றியது. மருந்தே இல்லாமல் வெடித்தது அது ஒன்றுதான். பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் லைசென்ஸ்கூட வாங்கவில்லை.

● டீஃபால்ட்டாக வைக்க ஒரு ஃபான்ட் நல்லதா என்று சட்டென்று சோதிப்பது எப்படி?
- லேபிள் டிசைனர், சிவகாசி

‘சீனி வெடி’ என்று ஒன்பது பாயிண்டில் அடியுங்கள். மட்டமான தாளில் பிரின்ட் எடுங்கள். கையை நீட்டிப் பிடித்து, கண்ணாடி போடாமல் வாசியுங்கள்.

‘சீனி’க்கும் ‘சீன’வுக்கும் நடுவில் இருப்பது ஒரு கொக்கி. மை கசிந்து அது ‘ன’வின் முதுகோடு ஒட்டிக்கொண்டால், உள்ளூர்ச் சீனி வெடி சீன வெடியாகிவிடும். வெளிநாட்டு வெடிக்கு இங்கே அனுமதி கிடையாது. பண்டிகை நேரத்தில் குடோன் வாசலில் ஜீப் நிற்கும். ஒரு கொக்கிக்காக.

அடுத்து ‘கி’யும் ‘கீ’யும். வித்தியாசம் நுனியில் உள்ள சுழி மட்டும். சின்ன அளவில் சுழியின் வயிறு அடைபட்டால் இரண்டும் ஒன்றே. பிறகு ‘ர’வும் துணைக்காலும், ‘ர’வின் அடியில் சாய்ந்து இறங்கும் வால் தேய்ந்தால் துணைக்கால்தான் மிஞ்சும். கடைசியாகப் புள்ளி. வட்டமா, பொட்டா என்பது ரசனை. கண்ணுக்குத் தெரிகிறதா என்பதே தேர்வு. புள்ளி போன ‘அணுகுண்டு’ வெறும் ‘அணுகுணடு’. பெயரிலேயே நமத்துவிட்டது.

இவ்வளவும் தேறினால் அழகு பற்றிப் பேசலாம். அதற்கு முன்னால் பேசுகிறவர் டிசைனர், நீங்கள் இல்லை. ஓ, நீங்களே டிசைனரா? மன்னிக்கவும்.

● திரையில் தமிழ் வார்த்தை பட்டனுக்குள் அடங்காமல் வெட்டுப்படுகிறதே, அது ஃபான்ட் குற்றமா?
- இ-சேவை மையம், எம். புதுப்பட்டி

பாதிதான் ஃபான்ட் குற்றம். ஆங்கிலப் பட்டன் அளவெடுத்துத் தைத்த பிறகு தமிழை உள்ளே தள்ளுகிறார்கள். நம் எழுத்து அகலம். மேலே கொக்கி, கீழே ‘கூ’, ‘மூ’ வகையறாவின் சுழிப்பு, ஆக உயரமும் வேண்டும். நல்ல டீஃபால்ட் எழுத்துரு ஒடுங்கி நிற்கும், ஆனால் மூச்சு முட்டாது. மிச்சக் குற்றம் மொழிபெயர்த்தவருடையது. ‘ஓகே’வுக்குச் ‘சரி’ என்று ரெண்டே எழுத்தில் முடித்தவர்கள், மற்றதற்கெல்லாம் ‘செயல்படுத்துக’ என்று சரவெடி கட்டிவிட்டார்கள்.

● ‘லை’, ‘னை’யெல்லாம் தும்பிக்கை வைத்து எழுதின காலம் எனக்கு ஞாபகம். அந்த எழுத்து கம்ப்யூட்டரில் ஏன் வருவதில்லை?
- பாட்டி, எம். புதுப்பட்டி

பெரியார் 1935-லேயே குடியரசு இதழில் தும்பிக்கையை வெட்டினார், ஆத்தா. எம்.ஜி.ஆர். ஆட்சியில் 1978 அக்டோபரில் அது அரசாணை ஆனது. விண்டோஸ் பிறந்ததே அதற்குப் பிறகு. சீனாக்காரர்கள் 1956-இல் எழுத்தைச் சுருக்கினார்கள். தைவான்காரர்கள் இன்றும் பழசையே பிடித்திருக்கிறார்கள். ஆகவே அங்கே கம்ப்யூட்டர் இரண்டுக்கும் இரண்டு ஃபான்ட் சுமக்கிறது. நாம் ஒரே கையெழுத்தில் கோடிக்கணக்கான கணினிகளின் பாரத்தைக் குறைத்தோம். பில் இன்னும் அனுப்பவில்லை.

● விலையில்லா லேப்டாப்பில் ‘பாஸ்’ என்று ஒன்று இருந்ததே, அதில் தமிழ் எப்படி?
- முன்னாள் பிளஸ் டூ மாணவர், விருதுநகர்

2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டம். விண்டோஸும் சி-டாக் செய்த பாஸ் லினக்ஸும் ஜோடியாக வந்தன. பாஸில் மெனுவெல்லாம் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். வைத்துக்கொண்டவர்களை இந்தத் தெருவில் ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். மற்றவர்கள் திறந்ததும் விண்டோஸுக்குள் புகுந்து படம் பார்த்தார்கள். சப்டைட்டில் ஆங்கிலம்.

● பிளெக்ஸில் உள்ள எழுத்தைப் பார்த்து ஆளின் குணம் சொல்ல முடியுமா?
- ஆட்டோ ஓட்டுநர், திருத்தங்கல்

ஒரே பிளெக்ஸில் ஏழு ஃபான்ட்: வார்டு தேர்தலில் நிற்கப் போகிறார். ‘கொ’வில் கொம்பு பின்னால் போய் நிற்கிறது: டிசைன் செய்த இடம் தமிழ்நாடு இல்லை. கண்ணீர் அஞ்சலிக்குக் காதணி விழா ஃபான்ட்: சொத்து பிரிந்துவிட்டது.

● பட்டாசு ஆபீஸ் அறைச் சுவரில் ஆள் எண்ணிக்கை, மருந்து அளவு எழுதி வைக்கிறார்களே. அதற்கு எந்த எழுத்துரு நல்லது?
- பயர் ஆபீஸ் தொழிலாளி, எம். புதுப்பட்டி பக்கம்

அம்மா, அதற்குப் பெயிண்டும் பிரஷும் போதும். கதவுக்கு வெளியே நின்று வாசிக்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஓனர் முதலில் வாசிக்கட்டும்.

● விண்டோஸ் ஃபான்ட்டை எடுத்து லினக்ஸில் போட்டுக்கொண்டால் என்ன குற்றம்? எழுத்து பொதுச் சொத்துதானே?
- கம்ப்யூட்டர் சென்டர், ஸ்ரீவில்லிபுத்தூர்

எழுத்து பொது. வரைந்த கோடு தனியார். லதாவும் நிர்மலாவும் விண்டோஸ் உரிமத்தோடு சேர்ந்தவர்கள், தனியே கூட்டிப் போக அனுமதி கிடையாது. லோஹித், நோட்டோ எல்லாம் திறந்த உரிமம். நகலெடு, திருத்து, பெயரை மாற்றி வெளியிடு, யாரும் கேட்க மாட்டார்கள். உரிமம் திறந்த எழுத்துருவைத்தான் லினக்ஸ்காரர்கள் டீஃபால்ட்டாக வைக்கிறார்கள். ஒருவர் லேபிளை இன்னொருவர் அப்படியே அடித்தால் கோர்ட்டுக்குப் போகிற ஊர் நம்முடையது. அதே லேபிளில் உள்ள ஃபான்ட் யாருடையது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

● உங்கள் கணினியில் எந்த ஃபான்ட், அண்ணாச்சி?
- பலர்

வந்தது எதுவோ அதுதான். நானும் சர்க்கரை போட்ட டீ குடிக்கிற ஆள்தான்.

● எனக்கு லதாதான் வேண்டும். விண்டோஸ் 10-இல் திரும்ப வரவழைப்பது எப்படி?
- பெயர் வெளியிட விரும்பாத குடும்பஸ்தர், சிவகாசி

செட்டிங்ஸில் ‘ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ்’ போய், ‘தமிழ் சப்ளிமென்டல் ஃபான்ட்ஸ்’ என்பதைத் தேடிச் சேர்த்துக்கொள்ளுங்கள். இன்டர்நெட் இருந்தால் போதும். ஒன்று சொல்லிவிடுகிறேன்: லதா தனியாக வர மாட்டார், விஜயாவும் கூடவே வருவார். வீட்டில் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.